நட்சத்திரக் குறி போட்ட பருவம்

டேட்டன் மில்லர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் அறுபத்து நான்கு பருவங்களும் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பி 1974 என்று கேட்டால் நான்கு வெற்றி, ஒன்பது தோல்வி, ஒரு சமன் என்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் டேட்டன் நகரத்தைப் பார்த்ததில்லை. ஆசைப்பட்டு ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. கால்பந்து என்று பெயர்தானே தவிர அதில் பந்து காலில் படுவது அபூர்வம். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை நாலைந்து பேர் சேர்ந்து தள்ளுவார்கள், பிறகு எல்லோரும் நின்று யோசிப்பார்கள். ஆனால் அந்த அணியின் வரலாற்றை எழுதுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.

ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிக்குப் பின்னால், ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் ஞாயிறு மதியம் ஆட்டம் தொடங்கும்போது இங்கே திங்கள் விடிகாலை ஐந்து மணி. அங்கே எல்லோரும் பியர் குடித்துக்கொண்டு பார்க்கிற நேரத்தில் இங்கே எங்கள் ஆட்கள் ஆறு பேர் திரையைப் பார்த்துப் பதிவு செய்வார்கள். யார் பந்தை வாங்கினார், எத்தனை கெஜம் ஓடினார், யார் பிடித்து வீழ்த்தினார், யாருக்கு அடிபட்டது, எல்லாம் வரி வரியாக ஏறிக்கொண்டே போகும். நான் ஏழாவது ஆள். ஆட்டம் பதிவது என் வேலையில்லை. அணியின் இணையதளத்துக்காக, பருவத்துக்கு ஒரு பத்தி வீதம் வரலாறு எழுதுகிறவன்.

மில்லர்ஸ் ஜெயிக்கிற அணி இல்லை. 1968-இல் பதினான்கு ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒரு ஆட்டம் சமன் ஆனது, அதையும் பனி வந்து செய்து கொடுத்தது. 1979-இல் ஒரே வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள். 1999-இல் கடைசி நிமிடத்தில் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அடுத்த மாதம் அந்தக் கம்பத்தை ஏலத்தில் விட்டார்கள். இதையெல்லாம் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நக்கல் வரும். தோற்றவர்களைப் பற்றி எழுதும்போது நாம் என்னவோ ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

1987 மட்டும் வேறு. பத்து வெற்றி, ஐந்து தோல்வி. அணியின் ஆகச் சிறந்த பருவம் அதுதான். பட்டியலில் அந்த வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த வருடம் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உரிமையாளர்கள் லாரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், மதுக்கடை வாசலில் நிற்கிறவர் என்று கிடைத்தவர்களுக்கெல்லாம் சட்டை மாட்டி மூன்று வாரம் ஆட விட்டார்கள். மில்லர்ஸுக்காக ஆடிய அந்த மாற்று ஆட்கள் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். வேலைநிறுத்தம் உடைந்தது. பழைய வீரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். நான் அந்தப் பத்தியைச் சுவையாக எழுதி, கீழே மாற்று ஆட்கள் நாற்பத்தைந்து பேரின் பெயரையும் வரிசையாகப் போட்டேன்.

போன ஆகஸ்டில் அந்த நாற்பத்தைந்தில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ரே ஹாலக் என்று பெயர், வயது அறுபத்திரண்டு. தன் பெயரை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார். அவருடைய அப்பாவும் அண்ணனும் டயர் தொழிற்சாலையில் தொழிற்சங்கத்து ஆட்களாம். ஒவ்வொரு செப்டம்பரிலும் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தை அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வரலாறு என்றால் இவர் இஷ்டத்துக்கு அழிக்க முடியுமா என்று ஒரு வீம்பும் வந்தது. பதிவேடுகளில் மாற்றம் செய்ய இயலாது என்று இரண்டே வரியில் ஆங்கிலத்தில் அடித்து, கடைசியில் 'த சேம் இஸ் இன்டிமேட்டட் ஃபார் யுவர் இன்ஃபர்மேஷன்' என்று முடித்தேன். இங்கே படிக்க வருவதற்கு முன்னால் கரூரில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எட்டு வருடம் கடிதம் அடித்தவன் நான். தெரிவித்தோம் என்பதற்கு என் கைக்கு வருகிற ஒரே ஆங்கிலச் சொல் அதுதான்.

பக்கத்து மேஜை யசீகரன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டம் பதிகிறவர்களில் அவர்தான் ஆகப் பழையவர். எனக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"உமக்கும் அந்தாளுக்கும் என்னப்பா இன்டிமேட்?" என்றார். "வெள்ளைக்காரன் வேற என்னவோ எண்டு நினைக்கப் போறான்."

"அது சரியான இங்கிலீஷ்தாண்ணே. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம்."

"எழுதும், எழுதும். இந்த நாட்டிலேயே அந்தச் சொல்லை எழுதுற ஆள் நீர் ஒராள்தான்." பிறகு ஹாலக்கின் கடிதத்தை வாசித்துவிட்டு, "பாவம். ஆனா செய்தது பிழைதானே. இப்பிடி ஆக்களுக்கு நீங்கள் என்ன சொல்லுறது?" என்றார்.

"கருங்காலின்னு சொல்லுவோம்."

"நாங்களும் அதுதான். அப்ப ஏன் அதைக் கழுத்தில கொழுவியிருக்கிறீர்?"

என் சட்டைக்குள் கருங்காலி மணிமாலை இருந்தது. ஊரில் எல்லோரும் போட ஆரம்பித்திருந்த சமயம், என் மாமியார் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். அதைப் போட்டால் எனக்கும் என் மனைவி அஸ்வினிக்கும் ரெசிடென்ஸ், அதாவது இங்கேயே தங்கும் உரிமை, சீக்கிரம் கிடைக்குமாம். எங்கள் வேலை விசா மார்ச்சில் முடிகிறது. கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். இதைச் சொன்னதும் அவர் இன்னும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஹாலக்கை வைத்து நன்றாகவே சிரித்தோம்.

அந்த மாதக் கடைசியில் எங்கள் அலுவலகத்திலேயே வேலைநிறுத்தப் பேச்சு வந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆள் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். மூன்றேகால் மணி நேரம் ஒருவர் தனியாகத் திரையைப் பார்க்க வேண்டும், ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாது. பிழை வந்தால் பெயரைப் போட்டுக் கண்டனக் கடிதம் வரும். ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டும் நடக்கவில்லை. பருவத்தின் முதல் திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கூடாது என்பது யசீகரன் அண்ணனின் யோசனை. மில்லர்ஸ்தான் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். அவர்களுடைய முதல் ஆட்டம் ஒரு வரிகூட ஏறாமல் வெறுமையாகக் கிடந்தால் கம்பெனி அன்று மாலையே பேச வரும்.

பாபடோயிட்டோயில் அவர் வீட்டில்தான் கூட்டம். நிலானி அக்கா இடியப்பமும் சொதியும் செய்திருந்தார். சாப்பிட்ட பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கப் போகும்போது யசீகரன் அண்ணன் என்னைத் தடுத்தார்.

"சரத், உமக்கு விசா விஷயம் கிடக்கு. யோசிச்சுச் செய்யும். நீர் கை தூக்காட்டி இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

அதைவிட நல்ல மனதோடு ஒருவர் வழி விட முடியாது. நான் பேசாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகவே கையை உயர்த்தி, "நான் நிப்பேண்ணே, என்ன ஆனாலும்" என்றேன். யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் அபர்ணா கூப்பிட்டாள். சென்னைக்காரிதான், ஆனால் அலுவலகத்தில் எங்களோடு ஆங்கிலம் தவிர வேறு பேசியதில்லை. அன்று எடுத்ததுமே தமிழ்.

"சரத், நான் ஃபோர்ஸ் பண்ணல. சட்டப்படி இதுக்குன்னு வெளியாளை எடுக்க முடியாது. உள்ள இருக்கறவங்க தானா ஒத்துக்கிட்டா செய்யலாம். உனக்கு மில்லர்ஸ் அத்துப்படி. திங்கக்கிழமை ஆட்டத்தை வீட்டுலேர்ந்தே பதி. பேர் எங்கயும் வராது, பதிஞ்சவர் பேர் வர்ற இடத்துல ரெண்டு சைபர்னு தான் வரும்."

"நான் ஸ்ட்ரைக்ல இருக்கேன்."

"தெரியும். இமிக்ரேஷனுக்கு உன் லெட்டர் என் மேஜைமேலதான் இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, சரியா?"

சம்பந்தம் இல்லாததை யாரும் இப்படி எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் பழியை அவள் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. இரவு முழுக்க யோசித்தேன் என்று சொல்லவும் ஆசைதான், உண்மை அது இல்லை. 'என் விருப்பத்தின் பேரில் சம்மதிக்கிறேன்' என்ற அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

திங்கள் காலை நாலரைக்கு யசீகரன் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவர்கள் ஆறு பேரும் பலகை பிடித்துக்கொண்டு மழையில் அலுவலக வாசலில் நிற்க, நான் மவுண்ட் ரோஸ்கில்லில் என் வீட்டு முன்னறையில் மடிக்கணினியைத் திறந்தேன். அஸ்வினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "திரைச்சீலையை இழுத்து விடட்டுமா? ரோட்டுலேர்ந்து தெரியுது" என்றாள். இழுத்து விடச் சொன்னேன்.

இன்னும் கேவலமான விஷயம், அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். முதல் கால்பகுதியில் இரண்டு எண்களைத் தவறாக அடித்துத் திருத்தினேன். பிறகு பழகிவிட்டது. எந்த எண் யார் என்று எனக்குத் தெரியும், யார் எங்கே ஓடுவார் என்பதுகூட ஊகிக்க முடிந்தது. வரிகள் மடமடவென்று ஏறின. நடுவில் இரண்டு மூன்று முறை எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மில்லர்ஸ் அன்று ஜெயித்தார்கள். நான் என்னை அறியாமல் மேஜையைத் தட்டினேன்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திரைச்சீலை இடுக்கில் பார்த்தால் யசீகரன் அண்ணன் ஒரு பிளாஸ்க்கோடு நின்றார். நனைந்த ஜாக்கெட்டைக்கூட மாற்றியிருக்கவில்லை. நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து சோபாவில் உட்கார்ந்தேன். மடிக்கணினியை அஸ்வினி அடுப்படியில் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

"கொத்தமல்லி அவிச்சுத் தந்தவ, நிலானி. சுடச் சுடக் குடியும்." அவர் சோபா ஓரத்தில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "சரிவரேல்ல, சரத். ஆட்டம் முழுக்க ஏறிக் கிடக்கு. ஒரு வரி விடாம. ஆரோ செய்திருக்கிறாங்கள். வெளிநாட்டில ஆரையும் பிடிச்சாங்களோ தெரியேல்ல."

"அப்படித்தாண்ணே இருக்கும்" என்றேன்.

அவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இப்ப காய்ச்சல் விட்டிட்டுது போல" என்றார். நான் அந்தக் கொத்தமல்லித் தண்ணீரை அவர் பார்க்கக் குடித்து முடித்தேன். அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் நடுவில் சொல்லியிருக்கலாம். நான் இஞ்சி போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன்.

வேலைநிறுத்தம் இன்னொரு வாரம் நீண்டது. அடுத்த திங்களும் அதையேதான் செய்தேன். மறுபடி காய்ச்சல் என்று அனுப்பினேன். இந்த முறை பிளாஸ்க் வரவில்லை. 'உடம்பைப் பாரும்' என்று இரண்டு வார்த்தை பதில் மட்டும் வந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். இரண்டு ஆள் கோரிக்கையை அடுத்த ஆண்டு பரிசீலிப்பதாகக் கம்பெனி சொன்னது. அபர்ணா கேக் வாங்கி வைத்தாள். நானும் ஆறு பேரோடு சேர்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு துண்டு சாப்பிட்டேன்.

யசீகரன் அண்ணன் என்னோடு பேசாமல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆனால் என் மேஜையை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். தோற்ற வருத்தம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மணிமாலையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டேன். அஸ்வினி ஏன் என்றதற்குக் கழுத்தில் அரிக்கிறது என்றேன். டிசம்பர் முதல் வாரம் எங்களுக்கு ரெசிடென்ஸ் வந்தது. அதே டிசம்பரில் யசீகரன் அண்ணனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஒன்பது வருடம் பதிந்தவர், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசி நாள் எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

ஜனவரியில் பருவம் முடிந்தது. ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. அறுபத்து ஐந்தாவது பத்தியை எழுத உட்கார்ந்தேன். ஐந்து வெற்றியில் முதல் இரண்டும் நான் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து பதிந்தவை. பட்டியலில் அது எங்கேயும் தெரியாது. யார் ஆடினார்கள் என்பதற்குத்தான் குறி போடுவார்கள், யார் உட்கார்ந்து எழுதினான் என்பதற்கு யார் குறி போடப்போகிறார்கள். நான் தப்பித்துவிட்டேன் என்று தெரிந்தது. அரை நாள் ஒரு வரி ஓடவில்லை.

பட்டியலில் மேலே போய் 1987-ஐத் திறந்தேன். நாற்பத்தைந்து பெயரில் ரே ஹாலக் பதினேழாவது. நான் சிரித்துச் சிரித்து எழுதிய பத்தி அது. ஒரு மனிதர் முப்பத்தெட்டு வருடம் கழித்துக் கையேந்திக் கேட்டதற்கு இரண்டு வரியில் சட்டம் பேசி அனுப்பியவன், தானே அதைச் செய்துவிட்டுக் கேக்கும் தின்றிருக்கிறான். அவருக்கு எழுதினேன். உங்கள் பெயரை எடுத்துவிடுகிறேன், முன்பு அப்படி எழுதியதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. நன்றிகூட இல்லை, நேராக விஷயம்.

'பெயர் இருக்கட்டும். கேட்டது என் தவறு. நான் ஆடினேன், அதுதான் உண்மை. என் அப்பா அதைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். நான் போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான், நீங்கள் அழிக்கிற பெயர் இல்லை.'

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாபடோயிட்டோய் போனேன். சொல்லிவிட வேண்டும், வேறு யார் மூலமாகவும் அவருக்குத் தெரிவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நல்லது என்று நினைத்தேன். கொஞ்சம் ரகசியமாக, அவர் பெரிய மனதோடு மன்னித்துவிடுவார் என்றும் நினைத்துக்கொண்டேதான் போனேன்.

யசீகரன் அண்ணன் வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார். புல் நிறைந்த பையைக் கழற்றித் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். செப்டம்பர்ல அந்த மில்லர்ஸ் ஆட்டம். ரெண்டு திங்களும். அது நான்தாண்ணே."

"தெரியும்" என்றார். பையை உதறுவதை நிறுத்தவில்லை.

"எப்பத்திலேர்ந்து?"

"கொத்தமல்லி கொண்டந்து தந்த அண்டைக்கு. வீட்டை வந்து ஆர் செய்தவன் எண்டு பார்ப்பம் எண்டு ஒவ்வொரு வரியா வாசிச்சன். மூண்டாவது கால்பகுதியில ஐம்பத்து நாலாம் நம்பர்காரனுக்கு அடிபட்டிருக்கு. 'இன்டிமேட்டட் டு த பெஞ்ச்' எண்டு கிடந்தது."

அதை அடித்தது எனக்கு நினைவே இல்லை. கை தானாக அடித்திருக்கும். ஐந்து மாதமாக நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே நான் அவர் முன்னால் அம்மணமாக நின்றிருக்கிறேன். கேக் சாப்பிட்டபோது, முகத்தைத் தொங்கப் போட்டபோது, கடைசி நாள் கை நீட்டியபோது, எல்லாவற்றையும் அவர் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்ககிட்ட ஏண்ணே சொல்லல? என் விசாவுக்காகவா?"

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உம்மட விசாவை நான் நினைக்கேல்ல, சரத். கூட்டத்துக்கு முதல் அவையள் என்னட்டைக் கேட்டவை, சரத்தை நம்பலாமோ எண்டு. நான்தான் பொறுப்பு எண்டு சொன்னனான். எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி எண்டு சொன்னனான். அதைச் சொன்ன வாயால இதை எப்பிடிப் போய்ச் சொல்லுறது? எனக்கு வெக்கமாக் கிடந்தது."

நான் வெட்கப்பட வேண்டியதற்கு அவர் ஐந்து மாதம் வெட்கப்பட்டிருக்கிறார். அந்த வெட்கத்தோடுதான் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார், அந்த வெட்கத்தோடுதான் வேலையை விட்டுப் போயிருக்கிறார். தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். அந்தச் சொல் எனக்கே போதவில்லை.

"நீர் அண்டைக்குக் கை தூக்காம விட்டிருந்தா ஒண்டுமில்ல" என்றார். குரல் உயரவில்லை. "செய்யப் போறன் அண்ணே எண்டு ஒரு சொல்லு எனக்குச் சொல்லிப்போட்டுச் செய்திருந்தாலும் ரெண்டு நாள் கோவிச்சிருப்பன், பிறகு மறந்திருப்பன். நீர் காய்ச்சல் எண்டீர். அவ வேலையால வந்து நிண்ட நிலையில அதை அவிச்சவ. நான் உம்மட நெத்தியில கை வைச்சுப் பார்த்தனான்." பையை மறுபடி ஒருமுறை உதறிவிட்டு, "நிலானிக்கு இன்னும் நான் சொல்லேல்ல" என்றார்.

கதவு திறந்தது. நிலானி அக்கா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"சரத் தம்பியே? எப்ப வந்தனீங்கள்? ரெசிடென்ஸ் கிடைச்சிட்டுது எண்டு இவர் சொன்னவர். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமே. உள்ள வாங்கோ, நண்டு காய்ச்சியிருக்கிறன். சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் யசீகரன் அண்ணன் பேசினார். பையை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவருக்கு வேலை கிடக்காம். உடன போகோணுமாம்."

"சனிக்கிழமையும் வேலையோ?" அக்கா என்னிடம் கேட்டார். அவர் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அக்காவிடம் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் அதைச் சொன்னால் அவர் இத்தனை நாள் அக்காவிடம் மூடி வைத்திருந்ததும் சேர்ந்து வெளியே வரும். யசீகரன் அண்ணன் இயந்திரத்தின் கயிற்றைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். நான் போவதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"ஆமாக்கா" என்றேன். "வேலை இருக்கு."

மில்லர்ஸின் பருவம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அங்கே நின்ற மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் கயிற்றை இழுத்து மறுபடி புல் வெட்ட ஆரம்பித்தார்.